மலை நாட்டை எட்டிய மூலதனம்: சீனத்துக் குய்சோ மாகாணத்தின் அநுபவம்

பாதையற்ற மலை நாட்டிற்குப் பாதை வந்தால் வளம் வரும் என்பது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கூற்று. அவ்வாறு வந்த வளம் யார் கையில் தங்கும் என்ற வினாவைக் கேட்போர் சிலரே. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து ஆராய்வதற்குச் சீன நாட்டின் தென்மேற்கில் உள்ள குய்சோ மாகாணத்தைப் போல ஏற்ற இடம் வேறொன்று காண்பது அரிது. சென்ற கால் நூற்றாண்டில் அங்கே மூலதனம் வெள்ளம்போல் பாய்ந்தது. அதனால் உயர்ந்த ஊர்களும் உண்டு. கடனில் ஆழ்ந்த ஊர்களும் உண்டு. உழவும் நெசவும் சாயத் தொழிலுமே மக்களின் பரம்பரைப் பிழைப்பாக இருந்து வந்த நாடு அது. ஆதலின் அதன் அநுபவம் நம் சங்க அங்கத்தினர்கள் கருத்தூன்றி நோக்கத் தக்கதாகும்.

நாட்டின் இயல்பு

குய்சோவின் பரப்பு 1,76,000 சதுர கிலோமீட்டர். அதாவது ஏறத்தாழ 68,000 சதுர மைல். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கிற்கு மேல் மலையும் குன்றுமே. 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மக்கள் தொகை 3 கோடியே 85 லட்சம். மியாவ், துங், பூயி முதலிய சிறுபான்மை இனத்தார் இவர்களுள் மூன்றில் ஒரு பங்கிற்கும் அதிகமாவர். தலைநகர் குயியாங்.

மலைகள் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. மழைக்குக் குறைவில்லை, ஆனால் பெய்த நீர் மண்ணில் நிற்பதில்லை. பாறை வெடிப்புகளின் வழியே பாதாளத்தில் ஓடும் ஆறுகளிற் சென்று கலந்துவிடுகிறது. சரிவுகளில் மரத்தை வெட்டி மக்காச்சோளம் பயிரிட்ட இடங்களில் மேல்மண் அரித்துப் போய், வெறும் கல்லே எஞ்சியது. இதனைக் 'கல் பாலைவனம்' என்றே அந்நாட்டு விஞ்ஞானிகள் குறிக்கின்றனர். அங்கே மூன்று நாள் தொடர்ந்து வானம் தெளிவதில்லை, மூன்று கல் தொலைவுக்குச் சமதரை இல்லை, மூன்று காசு சேர்த்து வைத்திருப்பவனும் இல்லை என்ற பொருளில் சீனத்தில் ஒரு பழைய பேச்சு வழக்கு உண்டு.

முந்திய கால வரலாறு

1956-ஆம் ஆண்டில் திரு. ஆர். கே. பாட்டீல் அவர்களின் தலைமையில் நம் நாட்டுத் தூதுக்குழு ஒன்று சீனத்துக் கூட்டுறவுப் பண்ணைகளைப் பார்வையிட்டு வந்து அறிக்கை அளித்தது. நம் இயக்கத்தின் வரலாற்றைப் படித்தோர் இதனை அறிவர். அதன் பின்னர் 1958-இல் அப்பண்ணைகள் மாபெரும் கம்யூன்களாக மாற்றப்பட்டன. சேர்வதும் விலகுவதும் அங்கத்தினரின் விருப்பமாக இல்லாமற் போயிற்று. விளைச்சலின் கணக்கு மேலிடத்துக்கு உவப்பாக எழுதப்பட்டது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் மிகக் கொடிய இழப்பை அடைந்த மாகாணங்களுள் குய்சோவும் ஒன்று. பெயரளவில் கூட்டுறவாகவும் நடைமுறையில் கட்டளையாகவும் இருந்த ஓர் அமைப்பு மக்களுக்கு என்ன செய்யும் என்பதற்கு இது மறக்க இயலாத சான்று.

1978-இல் குவான்லிங் வட்டத்துத் திங்யுன் கம்யூன், நிலத்தையும் விளைச்சற் பொறுப்பையும் சிறு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையைக் கைக்கொண்டு நாடறியப் பெயர் பெற்றது. சில ஆண்டுகளில் நிலம் குடும்பங்களின் பொறுப்பில் வந்தது. பசி தீர்ந்தது. எனினும் துண்டு துண்டான மலை வயல் கொண்டு பணம் சேர்க்க முடியவில்லை. இளைஞர் கடலோர மாகாணங்களின் ஆலைகளுக்குக் கூலி வேலை தேடிச் சென்றனர்.

பாதைகளும் பாலங்களும்

மேற்குப் பகுதிகளை அபிவிருத்தி செய்வதென்று சீன அரசாங்கம் வகுத்த பெருந்திட்டம் 2000-ஆம் ஆண்டு முதல் செயற்படலாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் நீர்மின் நிலைய வேலைகள் தொடங்கப்பட்டுக் குய்சோவின் மின்சாரம் குவாங்துங் மாகாணத்தின் ஆலைகளுக்குச் செல்ல வழி பிறந்தது. 2014 டிசம்பரில் குயியாங்குக்கும் குவாங்சோ துறைமுகத்துக்கும் இடையே அதிவேக ரயில் ஓடத் தொடங்கிற்று. ஏறத்தாழ இருபது மணி நேரப் பிரயாணம் நான்கைந்து மணியாகச் சுருங்கியது. 2015-ஆம் ஆண்டு இறுதியில் மாகாணத்தின் 88 வட்டங்களையும் விரைவுச் சாலைகள் எட்டின. மேற்குச் சீனத்தில் இந்நிலையை முதலில் அடைந்தது குய்சோவே.

பாலங்களைப் பற்றித் தனியே கூற வேண்டும். உலகின் மிக உயரமான நூறு பாலங்களுள் ஏறக்குறையப் பாதி இம்மாகாணத்தில் உள்ளன. 2025 செப்டம்பர் 28-ஆம் நாள் திறக்கப்பட்ட ஹுவாஜியாங் பெரும்பள்ளத்தாக்குப் பாலம் ஆற்று மட்டத்திலிருந்து 625 மீட்டர், அதாவது 2,050 அடி உயரத்தில் நிற்கிறது. மலையைச் சுற்றிச் சென்று கடக்க இரண்டு மணி பிடித்த பள்ளத்தாக்கை மோட்டார் வண்டிகள் இப்போது இரண்டு நிமிடங்களிற் கடக்கின்றன. அதே பள்ளத்தாக்கின் சரிவுகளில், கல் பாலைவனமாகிப்போன நிலத்தில், உழவர்கள் சீன மிளகு மரங்களை வைத்து மண்ணைப் பிடித்து நிறுத்தினர். திங்தான் மிளகு என்ற பெயரால் அது சந்தையில் விற்கிறது. பாலத்தின் பயன் இத்தகைய விளைபொருள் எத்தனை மூட்டை அதன்மேற் செல்கிறது என்பதைக் கொண்டே கணிக்கப்பட வேண்டும்.

எத்தகைய மூலதனம் வந்தது?

முதலாவது, கணிப்பொறித் தகவல்களைச் சேமித்து வைக்கும் நிலையங்கள். குளிர்ந்த தட்பவெப்பம், மலிவான மின்சாரம், உறுதியான பாறைத் தரை ஆகிய மூன்றையும் கண்டு, 2014-இல் அமைக்கப்பட்ட குய்-ஆன் புதுப் பகுதிக்குப் பெரிய கம்பெனிகள் வந்தன. சீனத்தின் மூன்று தந்தி-தொலைபேசி நிறுவனங்களும், ஹுவாவெய், டென்சென்ட் ஆகியவையும் அங்கே களஞ்சியங்களைக் கட்டின. ஆப்பிள் கம்பெனியின் சீன வாடிக்கைக்காரர்களுக்கான சேமிப்புப் பணி 2018 முதல் குய்சோ நிறுவனம் ஒன்றின் வழியே நடைபெறுகிறது. இவற்றால் மாகாணத்தின் பெயரும் வரியும் உயர்ந்தன. ஆயினும் இத்தகைய களஞ்சியம் எவ்வளவு பெரிதாயினும், கட்டி முடிந்த பிறகு அதில் வேலை செய்வோர் சிலரே. மலைக்கிராமத்து உழவனுக்கு அதனால் நேரடியாக வருவது சொற்பம்.

இரண்டாவது, விளைபொருளை ஒட்டிய தொழில்கள். தேயிலைத் தோட்டப் பரப்பிலும் மிளகாய்ச் சாகுபடியிலும் குய்சோ சீனத்தில் முன்னணியில் உள்ளது. தேயிலை 4.5 லட்சம் ஹெக்டேருக்கும், மிளகாய் 3 லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் பயிராகின்றன. மெய்தான் வட்டத்துத் தேயிலைக்கு அடித்தளம் இட்டது யுத்த காலத்தில் அங்கே நிறுவப்பட்ட மத்திய ஆராய்ச்சித் தேயிலைப் பண்ணையாகும். சுன்யி நகருக்கு அருகிலுள்ள சியாசியில் கூடும் மிளகாய்ச் சந்தை நாடு முழுவதற்கும் விலை காட்டுவது. குயியாங்கில் சிறு உணவுக்கடை வைத்திருந்த தாவ் ஹுவாபி என்ற விதவைப் பெண்மணி தொடங்கிய 'லாவோ கன் மா' மிளகாய்க் குழம்பு இன்று உலகக் கடைகளில் விற்கிறது. தம் தொழிலைப் பங்குச் சந்தைக்குக் கொண்டு செல்வதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தவர்.

மூன்றாவது, மௌதாய் மது. மதுவைப் பற்றி நம் கருத்து எதுவாயினும், பொருளாதார நோக்கில் இதனைத் தள்ளிவிட முடியாது. உள்ளூர்ச் சோளத்தை ஒப்பந்த முறையில் வாங்கும் இந்த அரசாங்கக் கம்பெனியே மாகாணத்தின் பெரிய வருவாய் ஊற்று. 2019, 2020 ஆகிய இரு ஆண்டுகளின் இறுதியிலும் அதன் பங்குகளில் நூற்றுக்கு நான்கு வீதம் மாகாண அரசாங்கத்தின் நிதி நிறுவனத்துக்கு விலையின்றி மாற்றப்பட்டது. அவ்வாறு செய்ய நேர்ந்ததேன் என்பதைக் கீழே காண்போம்.

ஏட்டின் மறுபக்கம்

2000-இல் ஏறத்தாழ 10,000 கோடி யுவானாக இருந்த மாகாண உற்பத்தி மதிப்பு 2024-இல் 2,26,000 கோடி யுவானைத் தாண்டியது. 2020 நவம்பர் 23-ஆம் நாள், வறிய வட்டங்கள் என்ற பட்டியலில் கடைசியாக எஞ்சியிருந்த ஒன்பதும் நீக்கப்பட்டன. அந்த ஒன்பதும் குய்சோவில் இருந்தவையே. வாழ இயலாத மலைகளிலிருந்து 19 லட்சம் பேர் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். இவை வரவுப் பக்கம்.

பற்றுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். தூஷான் என்னும் சிறிய வட்டம் ஆண்டுக்கு 100 கோடி யுவானுக்கும் குறைந்த சொந்த வருவாயை வைத்துக்கொண்டு, 4,000 கோடி யுவான் வரை கடன் சுமந்தது. அப்பணத்தில் ஏறக்குறைய 100 மீட்டர் உயரமான மரவேலைப்பாட்டு மாளிகை முதலியன எழும்பின. அவற்றுட் பல முடிவு பெறாமல் நின்றன. 2020-இல் இச்செய்தி நாடெங்கும் பரவியது. லியுபன்ஷுய் நகரப் பகுதியில் ஒரே நிர்வாகியின் காலத்தில் 1,500 கோடி யுவானைப் போலப் பத்து மடங்கு, அதாவது 15,000 கோடி யுவான் அளவில் புதிய கடன் ஏறிற்று என்றும், அங்கே தொடங்கிய 23 உல்லாசப் பிரயாணத் திட்டங்களில் 16 பயனற்றுக் கிடந்தன என்றும் 2024 ஜனவரியில் அந்நாட்டு அரசாங்கத் தொலைக்காட்சியே விவரித்தது.

சுன்யி நகரத்துச் சாலை-பாலம் கட்டும் நிறுவனம் 2022 டிசம்பர் 30-இல் தன் பாங்கிக் கடன்களில் ஏறத்தாழ 1,560 கோடி யுவானை இருபது ஆண்டுத் தவணைக்கு மாற்றிக்கொண்டது. முதற் பத்து ஆண்டுகளுக்கு வட்டி மட்டுமே கட்டலாம். அசல் அதற்குப் பிறகுதான். 2023 ஏப்ரலில், கடன் தீர்ப்பது தன் சொந்தப் பலத்தால் இயலாது என்ற பொருளில் மாகாண அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிலையமே எழுதியது. அவ்வாண்டு இறுதியில் 20,000 கோடி யுவானுக்கு மேற்பட்ட மறுகடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன.

கணக்குப் புத்தகங்களைப் பார்வையிடுவதையே கடமையாகக் கொண்டவர்களுக்கு இதில் வியப்பில்லை. கட்டிடத்தின் உயரத்தை யாரும் காணலாம். தவணை நாளையும், அந்நாளில் கைக்கு வரக்கூடிய பணத்தையும் ஏட்டைப் புரட்டினால்தான் காண முடியும். பாலம் தன்னளவில் வருவாய் அன்று. அதன் வழியே செல்லும் சரக்கே வருவாய். சரக்கு பெருகுவதற்கு முன்னே தவணை வந்துவிட்டால், பாலத்தைக் கட்டியவன் மதுக் கம்பெனியின் பங்கை எதிர்பார்க்க வேண்டியவனாகிறான்.

நிலம் பங்காக மாறியது

இனி, கூட்டுறவாளர் உற்று நோக்க வேண்டிய பகுதி. கடன் சுமையேற்றிய அதே லியுபன்ஷுய் பகுதியில்தான் 2014 முதல் 'மூன்று மாற்றங்கள்' என்னும் முறை பரவியது. கிராமத்து இயற்கை வளம் சொத்தாக மதிக்கப்படும். அரசாங்க உதவித் தொகை பங்கு முதலாக வைக்கப்படும். உழவர் பங்குதாரர் ஆவர். இவையே அம்மூன்று. 2017-இல் சீன அரசாங்கத்தின் ஆண்டு முதல் வேளாண்மை ஆவணத்திலும் இம்முறை இடம் பெற்றது.

நிலத்தைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டவன் குத்தகைத் தொகையோடு நிற்கிறான். பங்காக வைத்தவன் இலாபத்திலும் உரிமை பெறுகிறான். ஆனால் நட்டம் வந்தால்? ஆகவேதான் பல இடங்களில் 'அடிப்படைத் தொகை உறுதி, அதன்மேல் இலாபப் பங்கு' என்று இரண்டையும் சேர்த்து ஒப்பந்தம் எழுதினர். உழவனின் நிலம் அவனுக்குக் கடைசிப் புகலிடம் என்பதை இந்த விதி மறவாதிருக்கிறது. திட்டம் படுத்துவிட்ட ஊர்களிலோ, பங்குப் பத்திரம் பெட்டியில் இருந்தும் கைக்கு ஒன்றும் வராத நிலை ஏற்பட்டது.

நன்றாக நடந்ததற்கு அன்ஷுன் பகுதியிலுள்ள தாங்யுவே கிராமத்தை எடுத்துக்காட்டாகக் கூறுவர். மூவாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களைக் கொண்ட ஊர் அது. 2014 ஜூன் மாதத்து வெள்ளத்தில் வயலும் வீடும் பாழாயின. இளைஞர் வெளியூர் சென்றுவிட்டதால் நிலத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே தரிசாகக் கிடந்தது. ஊரார் கூடி, தனித்தனியே எழ முடியாது என்று கண்டு, நிலங்களை அளந்து உரிமையை முதலில் ஏட்டில் பதித்தனர். பிறகு அவற்றைத் தாங்களே அமைத்த கூட்டுறவுச் சங்கத்தில் சேர்த்தனர். தாமரைக் கிழங்கும் காய்கறியும் மரக்கன்றும் பயிரிட்டனர். இலாபத்தைப் பத்துப் பங்காக்கி, மூன்று சங்கத்துக்கும், மூன்று ஊர்ப் பொதுவுக்கும், நான்கு அங்கத்தினருக்கும் என்று முடிவு செய்தனர். 4,000 யுவானுக்கும் குறைவாக இருந்த ஆள்வீத ஆண்டு வருவாய் 2016-இல் ஏறத்தாழ 10,000 யுவானாயிற்று. இங்கே அரசாங்க உதவி இல்லாமலில்லை. ஆயினும் மாளிகையில் தொடங்காமல் நில அளவையில் தொடங்கினார்கள் என்பது கவனிக்கத் தக்கது.

சட்டம் கூறுவது

சீனத்தில் உழவர் கூட்டுறவுச் சங்கச் சட்டம் 2007 ஜூலையில் அமுலுக்கு வந்தது. 2017-இல் திருத்தப்பட்டு, 2018 ஜூலை முதல் புதிய வடிவில் நடைமுறையில் உள்ளது. அதன் முக்கிய விதிகள் நமக்குப் பழக்கமானவைபோல் தோன்றும். குறைந்தது ஐந்து பேர் சேர வேண்டும். அங்கத்தினரில் நூற்றுக்கு எண்பது பேர் உழவராக இருத்தல் வேண்டும். ஆளுக்கு ஒரு வாக்கு. அதிக முதல் போட்டவர்க்கும் அதிக வியாபாரம் செய்தவர்க்கும் கூடுதல் வாக்குத் தரலாம். ஆயினும் அக்கூடுதல் மொத்த அடிப்படை வாக்குகளில் நூற்றுக்கு இருபதைத் தாண்டலாகாது. பங்கிடத்தக்க இலாபத்தில் நூற்றுக்கு அறுபதுக்குக் குறையாத தொகை, அங்கத்தினர் சங்கத்தோடு செய்த வியாபாரத்தின் அளவுப்படியே தரப்பட வேண்டும். ஒவ்வோர் அங்கத்தினருக்கும் தனிக் கணக்கு வைக்க வேண்டும்.

இவ்விதிகளின் உயிர்நிலை அந்த அறுபது பங்கில் உள்ளது. பணம் போட்டவனைவிடப் பொருள் கொண்டுவந்தவனே சங்கத்தின் முதல் உரிமையாளன் என்பது அதன் கருத்து. எனினும் சட்டம் இருந்தும், மானியம் பெறுவதற்காகவே பெயர்ப்பலகை மாட்டிய வெற்றுச் சங்கங்கள் நாடெங்கும் முளைத்தன. 2019-இல் பதினொரு துறைகள் கூடி அவற்றைக் களையெடுக்கத் திட்டம் வகுக்க வேண்டியதாயிற்று. விதிப் புத்தகம் மட்டும் சங்கத்தைக் காப்பதில்லை.

மெழுகுச் சாயமும் ஊசி வேலையும்

நெசவாளருக்குரிய செய்தி குய்சோவின் தென்கிழக்கில் உள்ளது. தன்சாய் வட்டத்து மியாவ் பெண்கள் தேன்மெழுகை உருக்கி, செப்புத் தகட்டுக் கத்தியால் துணிமேல் கோலமிட்டு, அவுரி போன்ற நீலச் செடியின் சாயத்தில் பலமுறை தோய்த்து, பின் கொதிநீரில் மெழுகை நீக்குவர். துங் மக்கள் சாயமேறிய துணியைக் கட்டையால் அடித்தும், முட்டை வெண்கரு பூசியும் பளபளப்பு ஏற்றுவர். மியாவ் பூவேலையும் தன்சாய் மெழுகுச் சாயமும் 2006-இல் சீனத்தின் முதல் தேசியக் கலைமரபுப் பட்டியலில் இடம் பெற்றன. 2013-இல் பெண்களின் கைவேலையை வளர்க்க மாகாண அரசாங்கம் தனித் திட்டமும் தொடங்கியது.

ரயிலும் சாலையும் வந்தபின் உல்லாசப் பிரயாணிகள் திரளாக வருகின்றனர். வந்தவர் கையில் வாங்கிச் செல்லும் துணியோ பல சமயம் ஆலையில் அச்சடித்த போலி. கைவேலை பார்க்க வந்த கூட்டத்தினால் ஆலைச் சரக்கு இலாபம் பெறுவது கைத்தொழிலாளர் எல்லோரும் அறிந்த துன்பமே. இதற்கு ஓரளவு மாற்றுக் கண்டது சிஜியாங் என்னும் 'ஆயிரம் வீட்டு' மியாவ் கிராமம். அங்கே நுழைவுக் கட்டண வருவாயில் நூற்றுக்குப் பதினைந்து, பின்னர் பதினெட்டு வீதம், பழைய மரவீடுகளைக் காத்துவரும் குடும்பங்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. காட்சிப் பொருளாக இருப்பவர் காட்சி வருவாயிலும் பங்கு பெற வேண்டும் என்ற நியாயம் ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்தப் பங்கு போதுமா என்பது வேறு விவாதம். பங்கு என்ற ஒன்று ஏட்டில் எழுதப்பட்டதே முதற் படி.

அங்கத்தினர் கேட்க வேண்டிய வினாக்கள்

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, புதிய முதலீட்டுத் திட்டம் எதுவாயினும் மகாசபையில் கீழ்க்கண்ட வினாக்களுக்கு விடை பெற்ற பின்னரே கையெழுத்திட வேண்டும் என்பது புலனாகும்.

1. நம் நிலமோ தறியோ திட்டத்தில் சேருவது பங்காகவா, குத்தகையாகவா? திட்டம் நின்றுபோனால் அது யாருக்குத் திரும்பும்?

2. இலாபம் பிரிப்பது போட்ட பணத்தின்படியா, கொண்டுவந்த சரக்கின்படியா?

3. இலாபமில்லாத ஆண்டிலும் அங்கத்தினருக்கு உறுதியான தொகை உண்டா?

4. கடனின் முதல் தவணை எப்போது? முதல் விற்பனை வருவாய் எப்போது? இவற்றுள் முந்துவது எது?

5. கணக்கு ஆண்டுக்கு ஒரு முறையேனும் எல்லோரும் கேட்கும்படி வாசிக்கப்படுமா?

இவ்வைந்தில் நான்காவதை ஒருவரும் கேட்காததனால் தூஷானில் மாளிகை எழுந்தது. முதலாவதை எல்லாவற்றிற்கும் முன்னே கேட்டதனால் தாங்யுவேயில் தரிசு வயலில் தாமரை பூத்தது. இரண்டு ஊர்களும் ஒரே மாகாணத்தவை. ஒரே அரசாங்கத்தின் கீழ் இருப்பவை. ஒரே காலத்தில் மூலதனம் பெற்றவை. ஆகவே அடுத்த மகாசபைக்கு வரும்போது அங்கத்தினர்கள் தீர்மானத்தின் தலைப்பை மட்டும் கேட்டுக் கைதூக்காமல், ஐந்தொகையையும் தவணைப் பட்டியலையும் படித்துக் காட்டும்படி நிர்வாகக் குழுவினரைக் கேட்பார்களாக. கேட்பது அங்கத்தினரின் உரிமை; காட்டுவது நிர்வாகிகளின் கடமை.